ஒரு வியாபாரி போட்ட வரி

அன்புள்ள ஐயா,

டி.டி. கிருஷ்ணமாச்சாரி சோப்பு விற்ற கம்பெனிக்காரர். அவரே 1957 பட்ஜெட்டில் சொத்து வரியும் செலவு வரியும் கொண்டுவந்தது ஏன்? முந்த்ரா விவகாரத்தில் பதவி போகாதிருந்தால் அந்த வரிகள் நிலைத்திருக்குமா?

வணிகவியல் படிக்கும் ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் வியாபாரி என்பதால்தான் கொண்டுவந்தார் என்பது என் கருத்து. 1928இல் சென்னையில் கம்பெனி தொடங்கி, லீவர் போன்ற நிறுவனங்களின் சரக்கைத் தென்னிந்தியக் கடைகளுக்குக் கொண்டுசேர்த்தவர். கணக்கில் எது ஏறும், எது ஏறாது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1956 ஆகஸ்டில் நிதியமைச்சரானபோது, கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டாரின் வரிச் சீர்திருத்த அறிக்கை தயாராக இருந்தது. வருமானம், மூலதன ஆதாயம், சொத்து, நன்கொடை, செலவு ஆகிய ஐந்துக்கும் வரி போட்டால் ஒன்றில் மறைப்பது இன்னொன்றில் தலைகாட்டும் என்பது அதன் சாரம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆண்டுத் தொடக்கத்தில் ஒருவரின் சொத்து 5,00,000 ரூபாய். வரி போக வருமானம் 1,00,000. ஆண்டு முடிவில் சொத்து 5,60,000. அப்படியானால் செலவு 40,000. அதில் 30,000 விலக்கு. மிச்சம் 10,000க்கு 10 விழுக்காடு, அதாவது 1,000 ரூபாய் வரி. இப்போது அவர் புதிதாக வாங்கிய 50,000 ரூபாய் நிலத்தைச் சொத்துக் கணக்கில் காட்டாமல் விடுகிறார். சொத்து வரி அரை விழுக்காடுதான், மிச்சமாவது 250 ரூபாய். ஆனால் சொத்து குறைந்ததால் செலவு 90,000 என்று தெரியும். விலக்கு போக 60,000. முதல் ஐந்து பத்தாயிரங்களுக்கு முறையே 10, 20, 40, 60, 80 விழுக்காடு, அதற்கு மேல் 100. மொத்தம் 31,000 ரூபாய் வரி. 250ஐ மறைக்கப் போய் 30,000 கூடுதலாகக் கட்ட வேண்டும். எனக்கு இன்றும் பிடித்த ஏற்பாடு இது.

பிறகு எங்கே ஓட்டை விழுந்தது? வருமானத்தையே மறைத்து, அந்தப் பணத்தை ரொக்கமாகச் செலவழித்தால் வருமானம் ஒருபுறம், செலவும் சேர்ந்த சொத்தும் மறுபுறம் என்ற சமன்பாட்டின் இரண்டு பக்கமும் ஒரே அளவு குறையும். கணக்கு நேராகவே நிற்கும். கால்டார் உச்ச வருமான வரியை 45 விழுக்காட்டுக்கு இறக்கச் சொன்னதே, மறைக்கும் ஆசை குறையட்டும் என்றுதான். டி.டி.கே. சுமார் 92இலிருந்து இறக்கினார், ஆனால் உழைத்த வருமானத்துக்கு 77, மற்றதற்கு 84 என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்குப் பணம் தேவைப்பட்ட நேரம். அதற்குமேல் இறக்கத் துணிவு வரவில்லை. நன்கொடை வரி மறு ஆண்டுதான் வந்தது. வரி போக 36,000க்கு மேல் வருமானம் உள்ளவருக்கே செலவு வரி என்பதால் வலையில் விழுந்தவர்களும் சொற்பம். 1962 வரை நடந்த முதல் சுற்றில் ஒரு ஆண்டிலும் வசூல் ஒரு கோடி ரூபாயைத் தொடவில்லை.

முந்த்ராவுக்கு இதில் பங்கில்லை. நிதியமைச்சகத்தின் கீழிருந்த எல்.ஐ.சி. 1957 ஜூனில், தன் முதலீட்டுக் குழுவைக் கேட்காமலே, கல்கத்தா தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிப் பங்குகளைச் சுமார் 1.24 கோடிக்கு வாங்கியது. காங்கிரஸ் உறுப்பினர் பெரோஸ் காந்தி மக்களவையில் கிளப்பினார், நீதிபதி சாக்ளா விசாரித்தார், 1958 பிப்ரவரியில் டி.டி.கே. விலகினார். செலவு வரியை 1962இல் மொரார்ஜி தேசாய் எடுத்தார். டி.டி.கே. மறுபடி நிதியமைச்சராகி 1964இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். 1966இல் மீண்டும் போயிற்று. இரண்டாம் வாய்ப்பு கிடைத்தும் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1965இல், கணக்கில் வராத வருமானத்தைத் தானாக அறிவித்தால் 60 விழுக்காடு வரி, மீதி 40 உனக்கு என்று அவரே திட்டம் போட வேண்டிவந்தது.

அவருடைய வியாபார மூளை பலித்த இடம் வேறு. ரிசர்வ் வங்கி பாதி போட, 5 கோடி ரூபாய் தொடக்க மூலதனத்தோடு, பலரின் சிறு சேமிப்பைத் திரட்டிப் பங்குகளில் போடும் யூனிட் டிரஸ்ட் உருவானது. பங்குச் சந்தைப் பக்கமே போகாத குடும்பங்களுக்காக, 1964 ஜூலை 1 முதல் ஒரு யூனிட் 10 ரூபாய் என்று விற்றார்கள்.