நோ குறைந்தால் குளிசை எதற்கு?

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன், ஆசிரியை. போன வருடம் ருமற்றோயிட் வாதம் என்று சொல்லி, வாரத்துக்கு ஒரு நாள் போடும் மெதோட்ரெக்சேட் என்ற குளிசை தந்தார்கள். நோ குறைந்ததும் சுகம் என்று நினைத்து நிறுத்திவிட்டேன். இப்போது காலையில் விரல் மடங்குதில்லை. ஆடிவேல் திருவிழாவில் முருகனின் ரதத்தோடு செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை நடப்பவள் நான். 'ஆயுளுக்கும் உள்ள வருத்தம், ஏற்றுக்கொள்' என்கிறார்கள். எப்படி ஏற்பது? அழுகைதான் வருகிறது.
– ஒரு வாசகி

பதில்: அழுங்கள் தங்கச்சி. நான் வாத கிளினிக்கில் தாதியாக இருந்தபோது, முதல் வருடத்தில் அழாமல் இருந்தவர்களைக் கண்டது குறைவு. ஆனால் அழுதுகொண்டே கிளினிக்குக்கும் போங்கள். மனம் ஆறட்டும் என்று மூட்டு காத்திராது.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிற வருத்தம் இது. மருந்து அதை அடக்கி வைத்திருந்ததால்தான் உங்களுக்கு நோ குறைந்தது. நோ இல்லாத நாளில் குளிசையைக் கையில் எடுப்பது லேசில்லை, எனக்குத் தெரியும். 'இது இன்னும் என்னிடம் இருக்கிறது' என்று ஒவ்வொரு வாரமும் ஒப்ப வேண்டியிருக்கிறது. பலர் மருந்தை விடுவது அந்த இடத்தில்தான்.

கொட்டாஞ்சேனையில் இடியப்பம் அவித்து விற்ற ஓர் அம்மா கிளினிக்குக்கு வருவா. விடியப்புறம் உரல் பிழிய வேண்டும். அந்த நேரத்தில்தான் விரல்கள் விறைத்துக் கிடக்கும். கை பழையபடி வரட்டும் என்று மாதக்கணக்காக அடுப்பை மூட்டாமல் இருந்தா. பிறகு இராச் சாப்பாட்டுக்கு அவிக்கத் தொடங்கினா. பின்னேரம் விரல்கள் இளகியிருக்கும். உரலின் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கி, விரலால் இறுக்காமல் உள்ளங்கையால் அமத்தினா. மகன் தேங்காய் திருவிக் கொடுத்தான். அவவுக்குக் கவலை முழுக்கப் போகவில்லை. ஆனால் அதன் பிறகு எங்களோடு சம்பலைப் பற்றியும் வாய் நிறையப் பேசினா. எனக்குத் தெரிந்த ஏற்றுக்கொள்ளல் இப்படித்தான் வந்தது, முதலில் கைக்கு, பிறகு மனதுக்கு.

நீங்களும் முதலாம் பாடத்தில் கரும்பலகையில் எழுதும் வேலையைத் தள்ளி வைக்க முடியுமா என்று அதிபரிடம் கேளுங்கள். காலையில் கைகளை இளஞ்சூட்டு நீரில் வைத்திருங்கள். வீட்டார் எண்ணெய் பூசச் சொன்னால் பூசுங்கள், இதமாக இருக்கும். அது மருந்துக்கு ஈடாகாது. ஆடிவேலுக்கு இம்முறை முழுத் தூரமும் நடக்காமல், வழியில் கொள்ளுப்பிட்டியில் ரதத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

கிளினிக் கொப்பியோடு இந்தக் கிழமையே போய், எப்போது நிறுத்தினீர்கள் என்று உள்ளபடி சொல்லுங்கள். ஏசுவார்கள் என்று மறைக்க வேண்டாம். இரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் மறுபடி தொடங்குவார்கள். வீட்டில் மிஞ்சிய குளிசையை நீங்களாகப் போடாதீர்கள். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் முதலே சொல்லுங்கள், இந்த மருந்து கருவுக்கு ஆகாது. தொடங்கிய பிறகு பலன் தெரிய 6 முதல் 12 கிழமை செல்லும். இடையில் நோ கூடினாலும் மருந்தை விடாமல், கிளினிக்கில் போய்ச் சொல்லுங்கள்.