லிதுவேனியா கேள்வி பதில்: பாம்பின் மனைவி, தடைபட்ட எழுத்து, பங்கு பிரிக்க முடியாத கவிஞர்

லிதுவேனிய இலக்கியம், நாட்டார் வழக்கு பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள். ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வந்தால் ஒரு முறைதான் பதில்.

கே: லிதுவேனியனும் சமஸ்கிருதமும் ஒரே மொழியாமே?

இல்லை. இரண்டும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம், அவ்வளவே. பழைய பெயர்ச்சொல் ஈறுகளை லிதுவேனியன் இன்னும் விடாமல் வைத்திருப்பதால் ஒற்றுமை பளிச்சென்று தெரிகிறது: சூனுஸ் (மகன்), உக்னிஸ் (நெருப்பு), அவிஸ் (செம்மறியாடு). ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை.

கே: எக்லே என்ற பாம்பரசி கதையைத் தமிழில் சொல்ல ஆசை. எதில் கவனம் வேண்டும்?

மூன்று இடங்களில் சறுக்கும்.

முதலில் பாம்பு. மூலத்தில் வருவது ஜல்தீஸ்: கழுத்தோரம் மஞ்சள் திட்டுள்ள, நஞ்சில்லாத பாம்பு. வீட்டுக்கு நல்லது என்று பால் வைத்துப் பேணியது. 'நாகராணி' என்று தலைப்பிட்டால் படமும் நஞ்சும் கூடவே வந்துவிடும். எக்லேயை மணந்து கடலடியில் வாழும் பாம்பரசன் ஜில்வினாஸ் சாது.

அடுத்தது, பிறந்த வீட்டுக்குப் போக அவள் முடிக்க வேண்டிய வேலைகள்: நூற்க நூற்கத் தீராத பட்டிழையை நூற்பது, இரும்புச் செருப்பைத் தேய்ப்பது, சல்லடையில் தண்ணீர் மொண்டுவந்து பலகாரம் சுடுவது. நீளம் என்று இதை வெட்டாதீர்கள். புளித்த மாவால் சல்லடைக் கண்களை அடைக்கிறாளே, அங்கேதான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மூன்றாவது, பெயர்கள். எக்லே என்றாலே ஸ்ப்ரூஸ் மரம். மகன்கள் ஓக், ஆஷ், பெர்ச் மரங்கள். மகள் த்ரெபுலே, ஆஸ்பென். 'நடுங்கு' என்ற வினையை ஒட்டிய பெயர். மாமன்மார் மிரட்டியதும் அப்பாவின் பெயரைச் சொல்லிவிடுபவள் அவள்தான். அவர்கள் அரிவாள்களோடு போய் அவனைக் கொல்கிறார்கள். கடற்கரையில் எக்லே கூப்பிடுகிறாள்: உயிரோடிருந்தால் பால்நுரை, இல்லையென்றால் இரத்தநுரை. செந்நுரை வருகிறது. பெற்ற பிள்ளைகளையும் தன்னையும் மரமாக்கிக்கொள்கிறாள். பெயர்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டினால் இந்த முடிவு செத்தது. லேசான காற்றுக்கே அரசிலை படபடப்பதைப் பார்த்த குழந்தைக்கு ஆஸ்பெனை விளக்கத் தேவையில்லை.

கே: சமஸ்கிருதத்துக்கும் லிதுவேனியனுக்கும்...

முதல் பதில்.

கே: மில்டா என்ற காதல் தெய்வத்தின் பெயரை மகளுக்கு வைக்கலாமா?

தாராளமாக, அங்கே சாதாரணமாக வைக்கும் பெயர்தான். தெய்வம் என்பதில்தான் சந்தேகம். 19ஆம் நூற்றாண்டில் நர்புட் என்ற வரலாற்றாசிரியர் எழுதியதற்கு முன் அவளுக்கு நம்பத்தக்க சான்று இல்லை. இடித் தெய்வம் பெர்கூனாஸ், நிலத் தெய்வம் ஜெமீனா போன்றோர் கதை வேறு. எந்தத் தெய்வத்தைக் கண்டாலும் முதலில் கேளுங்கள்: எந்த ஆண்டு ஏட்டில் முதன்முதல் வருகிறது?

கே: ரஷ்யப் பேரரசு லிதுவேனிய மொழியையே தடை செய்ததா?

மொழியை அல்ல, எழுத்தை. 1864 முதல் 1904 வரை லத்தீன் எழுத்தில் லிதுவேனிய நூல் அச்சிடக் கூடாது. ரஷ்ய எழுத்தான சிரில்லிக்கில் அச்சிடலாம், அரசே அச்சிட்டும் கொடுத்தது. மக்கள் தொடவில்லை. கத்தோலிக்க ஆயர் வலான்சியுஸ் முன்னின்று, எல்லைக்கு அப்பால் ஜெர்மானியர் ஆண்ட கிழக்குப் பிரஷ்யாவில் அச்சிட ஏற்பாடு செய்தார். அங்கே தில்சித் நகரில் அச்சான புத்தகங்களை 'க்னிக்நெஷ்யெய்', அதாவது நூல் சுமப்போர், இரவில் எல்லை தாண்டிக் கொண்டுவந்தார்கள். சிக்கினால் சிறை, நாடுகடத்தல். பிரார்த்தனை நூல் சிலவற்றில் தடைக்கு முந்தைய ஆண்டையும் வில்னியஸ் அச்சகத்தின் பெயரையும் போட்டு ஏமாற்றினார்கள். ஆகவே பழைய பிரதி கையில் கிடைத்தால் தலைப்புப் பக்கத்து ஆண்டை நம்பாதீர்கள். மறுபடியும் அதேதான்: ஆண்டைச் சோதியுங்கள்.

கே: மிச்கியேவிச் போலந்துக் கவிஞர்தானே? லிதுவேனியர்கள் ஏன் உரிமை கொண்டாடுகிறார்கள்?

எழுதியது போலிஷ் மொழியில். பிறந்தது 1798இல், இன்றைய பெலாரூஸில். படித்தது வில்னியஸில், ஆசிரியராக இருந்தது கவுனாஸில், இரண்டும் இன்றைய லிதுவேனியாவில். 1834இல் வெளியான 'பான் ததேயுஷ்' காவியம் "லிதுவேனியாவே, என் தாயகமே" என்றுதான் தொடங்குகிறது.

கே: (வேறொருவர்) அப்படியானால் அவர் லிதுவேனியர் என்று ஒத்துக்கொள்ளுங்கள்!

அவர் சொன்ன லிதுவேனியா பழைய பெருங்கோமகன் நாடு. பல மொழி பேசிய நிலம் அது. மொழியை வைத்து நாட்டை வரையறுத்தது அவருக்குப் பின்வந்த தலைமுறை. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த குதிர்கா 1898இல் வெளியிட்ட பாட்டு, இன்றைய தேசிய கீதம், "லிதுவேனியா, எங்கள் தாயகமே" என்று தொடங்குகிறது. 'என்' போய் 'எங்கள்' வந்திருக்கிறது, மொழியும் மாறியிருக்கிறது. அந்த ஒரு வரியை அருகருகே வைத்துப் பாருங்கள், அப்புறம் சண்டை போடுங்கள்.

கே: (மூன்றாமவர்) பிறந்த ஊர் பெலாரூஸ் என்றால் பெலாரூஸியர்தானே?

அவர்களும் கோருகிறார்கள், காரணத்தோடுதான். அவர் காலத்தில் இன்றைய எல்லைகள் எதுவுமே கிடையாது. மிச்கியேவிச் பற்றி இதற்குமேல் கேள்வி வேண்டாம்.

கே: கிறிஸ்துமஸ் முன்னிரவு விருந்தில் கசகசாப் பால் உண்டாமே? எப்படிச் செய்வது?

உண்டு, 'அகுவொன்பியெனாஸ்'. அந்த இரவு 12 பதார்த்தங்கள். இறைச்சி, பால், முட்டை கூடாது. கசகசாவில் கொதிநீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவையுங்கள். வடித்து, வெள்ளையாகப் பால் விடும்வரை அரைத்து, ஆறிய வெந்நீர் கலந்து பிழிந்து, தேன் சேருங்கள். ஊறல் போதாவிட்டால் விதை உடையாது, சாம்பல் நிறத் தண்ணீர்தான் மிஞ்சும். பழைய கசகசா என்றால் கசக்கும். சுண்டுவிரல் நுனியளவு கடினமான ஈஸ்ட் பிஸ்கட்டுகளை, 'கூச்சுக்கய்', பரிமாறும்போது மட்டும் போடுங்கள். முன்னாலேயே போட்டால் கூழ்தான்.