மண்வள அட்டையில் சாம்பல் சத்து 'அதிகம்', சோயா இலை மட்டும் ஏன் ஓரம் கருகுகிறது?

தாளடி நெல் அறுத்த வயலில் சோயா போட்டிருக்கிறீர்கள். பூக்கும் நேரத்தில் அடியிலைகள் ஓரம் மஞ்சளாகிக் கருகுகின்றன. மண்வள அட்டையோ சாம்பல் சத்து 'அதிகம்' என்கிறது. சாம்பல் சத்து தருகிற பொட்டாஷ் உரம் போடலாமா என்பது கேள்வி. நானும் மன்னார்குடிப் பக்கம் களிமண்ணில் பயிர் செய்கிறவன்தான். அட்டையில் தப்பில்லை, ஆனால் இன்றைக்கு மூட்டை வாங்கிக் காய்ந்த மண்ணில் தூவினால் காசுதான் வீண்.

முதலில் இலையைச் சரியாகப் பாருங்கள். சாம்பல் சத்துக் குறை என்றால் அடியிலையின் நுனியில் தொடங்கி ஓரம் முழுக்க மஞ்சள் பட்டையாக ஓடும். நடுவில் பச்சை அப்படியே இருக்கும். அப்புறம் அந்த ஓரம் பழுப்பாகி, கையால் தேய்த்தால் நொறுங்கும். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புக் குறை. இலை முழுக்கத் திட்டுத் திட்டாக மஞ்சள் தெளித்திருந்தால் வெள்ளை ஈ கொண்டுவந்த தேமல் நோய். அதற்கு உரம் எதுவும் உதவாது.

சரி, மண்ணில் இருக்கிற சத்து செடிக்கு ஏன் போகவில்லை? ஆய்வுக்கூடத்தில் மண்ணைக் காயவைத்துப் பொடித்து, அம்மோனியம் அசிடேட் கரைசலில் குலுக்கி அளக்கிறார்கள். எக்டேருக்கு 280 கிலோவுக்கு மேல் வந்தால் 'அதிகம்'. வயலில் குலுக்க யார் இருக்கிறார்கள்? சாம்பல் சத்து மண் ஈரத்தில் கரைந்து வேருக்கு நகர வேண்டும், அதுவும் சில மில்லிமீட்டர் தூரம்தான் நகரும். மாசி வெயிலில் விரல் போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கிற நிலத்தில் அந்த ஈரம் இல்லை. ஒரு செடியைச் சுற்றி வெட்டி எடுத்துப் பாருங்கள். நெல்லுக்குச் சேறடித்ததில் அடியில் இறுகிய மண்ணைத் தாண்ட முடியாமல் வேர் மேலாகவே படர்ந்திருக்கும். காய்வதும் அந்த மேல்மண்தான்.

அதனால் போர் தண்ணீர் இருந்தால் தேங்காமல் லேசாக ஒரு பாய்ச்சல் விடுங்கள். கூடவே 13-0-45 என்று கடையில் கிடைக்கிற பொட்டாசியம் நைட்ரேட்டை லிட்டருக்கு 10 கிராம் கரைத்து, சாயங்காலம் இலையில் தெளிக்கலாம். கருகிய இலை திரும்பப் பச்சையாகாது; ஆனால் காய் பிடிக்கும் நேரத்தில் சத்து குறைந்தால் காய் எண்ணிக்கையும் குறையும், விதையும் சுருங்கும்.

அடுத்த போகத்துக்கு இன்னொரு விஷயம். நெல் எடுத்த சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது. இப்போது அறுவடை இயந்திரம் போன கையோடு கட்டு கட்டும் இயந்திரம் வந்து, உருளை உருளையாக லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோல் போனால் சுமார் ஒரு மூட்டை பொட்டாஷ் லாரி ஏறியது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கட்டுக்குக் கிடைக்கிற விலையைப் பேசும்போது இதை யாரும் கழிப்பதில்லை! சாம்பல் சத்து வெளிவர வைக்கோல் மட்க வேண்டும் என்றுகூட இல்லை, மழை பட்டாலே கரைந்து இறங்கிவிடும். பாதியையாவது வயலில் பரப்பி விட்டால் சத்தோடு ஈரமும் நிற்கும்.

சோயா இதில் நெல்லைவிடப் பெருந்தீனிக்காரன். ஒரு டன் நெல்மணியோடு மூன்று நான்கு கிலோ சாம்பல் சத்து போனால், ஒரு டன் சோயா விதையோடு சுமார் 20 கிலோ போகிறது. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில் எக்டேருக்கு 40 கிலோ சாம்பல் சத்து, அதாவது ஏக்கருக்கு 27 கிலோ மியூரேட் ஆஃப் பொட்டாஷ் (வழக்கமான பொட்டாஷ் உரம்). அதை விதைக்கும் முன் ஈரமண்ணில் கலக்க வேண்டும், விதையை ஒட்டிப் போடக்கூடாது. உங்கள் நிலம் வேதாரண்யம் பக்கம் போல உப்பு ஏறியதாக இருந்தால் மியூரேட் வேண்டாம், அதில் குளோரைடு உண்டு. விலை கூடினாலும் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள். சோயாவுக்கு வேண்டிய கந்தகமும் அதிலேயே கொஞ்சம் வந்துவிடும்.