றங்குப் பெட்டியில் இருந்தது எப்.ஏ. கிண்ணப் பதக்கமா?

கேள்வி: என் பெரியப்பா 1950களில் லண்டனில் படித்தவர். அவர் காலமான பிறகு அவருடைய றங்குப் பெட்டி கோண்டாவிலில் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதற்குள் 1954 இல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த அமெச்சூர் கிண்ண உதைபந்தாட்ட இறுதியாட்டத்தின் நிகழ்ச்சிப் புத்தகம் ஒன்றும், ‘அமெச்சூர் கப் – ரன்னர்ஸ் அப் – 1954’ என்று ஆங்கிலத்தில் பொறித்த சின்னப் பதக்கம் ஒன்றும் இருந்தன. பதக்கத்தில் பெயர் இல்லை. இதைக் கேள்விப்பட்டு வந்த ஒருவர், “இது எப்.ஏ. கப். உலகத்திலேயே பழைய கிண்ணம். லண்டன் ஏலத்தில் 50 லட்சம் போகும். பதிவுக் கட்டணமாக முதலில் 35,000 ரூபாய் கட்டுங்கள், இரண்டையும் என்னிடம் தாருங்கள்” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அந்த 35,000 ரூபாயைக் கட்டாதீர்கள். இரண்டு பொருளையும் கையை விட்டுக் கொடுக்கவும் வேண்டாம். மிச்சத்தை ஆறுதலாகப் பேசலாம்.

பதக்கத்தில் ‘அமெச்சூர்’ என்று இருப்பதாக நீங்கள் எழுதுகிறீர்கள். வந்தவர் அந்தச் சொல்லை மட்டும் விழுங்கிவிட்டார். விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது. எப்.ஏ. கிண்ணம், அதாவது இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின் கிண்ணம், 1871–72 இல் தொடங்கியது. 1885 இல் அந்தச் சங்கம், காசு வாங்கி ஆடுவதற்கு அனுமதி கொடுத்தது. அதன் பிறகு சம்பளக்காரக் கழகங்களோடு மோதி அந்தக் கிண்ணத்தை எடுப்பது காசு வாங்காமல் சும்மா ஆடுகிறவர்களுக்கு நடக்காத காரியமாகிவிட்டது. ஆகவே 1893 இல் அவர்களுக்கென்று தனியாக அமெச்சூர் கிண்ணம் வந்தது. 1894 இல் நடந்த முதல் இறுதியாட்டத்தில் ஓல்ட் கார்த்தூசியன்ஸ் அணி, கஷுவல்ஸ் அணியை 2–1 என வென்றது. ஓல்ட் கார்த்தூசியன்ஸ், பெரிய இடத்துப் பள்ளி ஒன்றின் பழைய மாணவர் அணி. 1881 இல் எப்.ஏ. கிண்ணத்தையே எடுத்த அணி. கனவான்களுக்காகத் தொடங்கிய கிண்ணம், அடுத்த ஆண்டே மிடில்ஸ்பரோவிடம் போனது. பிறகு வடக்கே நிலக்கரி தோண்டும் ஊர்கள் அதைச் சொந்தம் கொண்டாடின. பிஷப் ஓக்லண்ட் மட்டும் பத்துத் தடவை வென்றது.

எனவே எப்.ஏ. கிண்ணம் பழைய கிண்ணம் என்பது சரி. ஆனால் அது வேறு, உங்கள் பதக்கத்தில் உள்ள அமெச்சூர் கிண்ணம் வேறு. உலகக் கிண்ணப் பதக்கம் என்று சொல்லி வட்டாரக் கிண்ணப் பதக்கத்தை விற்பதுபோல இல்லாவிட்டாலும், அந்தத் திசையில்தான் தரகர் போகிறார்.

தரகரை மடக்க ஆண்டுக் கணக்கு போதும். அமெச்சூர் கிண்ணம் முதல் உலகப் போரால் 1916 முதல் 1919 வரையும், இரண்டாம் போரால் 1940 முதல் 1945 வரையும் நடக்கவில்லை. 1917 என்றோ 1942 என்றோ பொறித்த பதக்கத்தை யாராவது நீட்டினால் ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். வெம்ப்ளியில் இறுதியாட்டம் நடக்கத் தொடங்கியது 1949 இல்தான். கடைசி இறுதியாட்டம் 1974: பிஷப்ஸ் ஸ்டோர்ட்ஃபோர்ட் 4, இல்ஃபோர்ட் 1. பிஷப் ஓக்லண்ட், பிஷப்ஸ் ஸ்டோர்ட்ஃபோர்ட் என்ற இரண்டு பெயரையும் ஒன்றாக்கிக் கதை விடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் புத்தகம். வெம்ப்ளி என்றால் விலை குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1950களில் அந்த இறுதியாட்டத்துக்கு ஒரு லட்சம் பேர் வந்த ஆண்டுகள் உண்டு. அத்தனை பேருக்கும் அச்சடித்த புத்தகம் எப்படி அபூர்வமாகும்? உங்கள் பெரியப்பாவும் அந்தக் கூட்டத்தில் நின்று வாங்கியிருப்பார். இன்று அது சில பவுண் போகும். ஸ்டேர்லிங் பவுணைச் சொல்கிறேன், நகைப் பவுணை அல்ல. எங்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே சொல். இந்தச் சந்துக்குள்தான் தரகர்கள் குடியிருக்கிறார்கள். “ஐந்து பவுணுக்குப் போகும்” என்று ஒருவர் சொன்னால் எந்தப் பவுண் என்று கேளுங்கள்.

ஆனால் 1954 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு ஆண்டுக்கு ஒரு விலக்கு இருக்கிறது, கவனமாக வாசியுங்கள். அந்த முறை மோதியவை குறூக் டவுனும் பிஷப் ஓக்லண்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். யாழ்ப்பாணத்தில் நாவாந்துறையும் குருநகரும் துரையப்பா அரங்கில் இறுதியாட்டம் ஆடினால் எப்படி இருக்கும், அந்தச் சூடு. வெம்ப்ளியில் 2–2. அப்போது பெனால்டி உதைத்து முடிவு காணும் வழக்கம் இல்லை, மறுபடி ஆட வேண்டும். நியூகாசிலில் ஆடினார்கள், அங்கும் 2–2. மூன்றாவதாக மிடில்ஸ்பரோவில் ஆடி, குறூக் டவுன் 1–0 என வென்றது. ஆக, அந்த ஒரு இறுதிக்கு மூன்று புத்தகங்கள் உண்டு. பின்னைய இரண்டும் சில நாள் இடைவெளியில் அவசரமாக, குறைந்த பிரதிகளாக அச்சானவை. சேகரிப்பவர்கள் தேடுவது அவற்றைத்தான். உங்கள் கையில் இருப்பது வெம்ப்ளிப் புத்தகம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் பெட்டியின் அடியில், துணி விரிப்புக்குக் கீழே, இன்னொரு தடவை பாருங்கள். தாள்களைச் சேர்த்த கம்பி ஊசியையும் பாருங்கள். உண்மையாகவே பழையது என்றால் ஊசியின் துரு தாளுக்குள் கசிந்து பெரும்பாலும் ஒரு செம்மண் நிறக் கறை இருக்கும். தேத்தண்ணியில் தோய்த்துப் பழசாக்கிய பிரதி முழுக்க ஒரே நிறமாக இருக்கும், ஊசி மட்டும் பளபளக்கும்.

பதக்கம்தான் கொஞ்சம் மனவருத்தமான சங்கதி. 1954 இல் இரண்டாமிடம் வந்தது பிஷப் ஓக்லண்ட். உங்கள் பெரியப்பா அதில் ஆடவில்லை. அப்படியானால் அந்தப் பதக்கம் பெரும்பாலும் வேறொரு ‘அமெச்சூர் கப்’. இங்கிலாந்தில் மாவட்டத்துக்கு மாவட்டம், பல்கலைக்கழகம், மருத்துவமனை என்று எத்தனையோ அமெச்சூர் கிண்ணங்கள் இருந்தன. எந்தச் சங்கத்தின் பெயர் பொறித்திருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அவர் தன் கல்லூரி அணிக்கு ஆடி வாங்கியதாக இருந்தால், விற்க ஏன் அவசரம்?

கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் கொண்டுபோய்க் காட்டினால் உரைகல்லில் தேய்ப்பார்கள். தேய்க்க விடாதீர்கள். எங்கள் நகைக்கடைக்காரருக்கு 22 கரட்டுக்குக் கீழே எல்லாம் பித்தளைதான். ஆங்கிலேயப் பதக்கத்தில் 375 என்ற எண் இருந்தால் 9 கரட் தங்கம். நடக்கும் சிங்கம் இருந்தால் வெள்ளி. பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் முத்திரை குத்தியது. ஒரு தனி எழுத்தும் இருக்கும், அதுதான் ஆண்டைச் சொல்லும். திருநீறு போட்டு மினுக்குகிற வேலையும் வேண்டாம். மினுக்கினால் முத்திரை தேயும், முத்திரையோடு விலையும் தேயும்.

முறையான ஏல நிறுவனம் விற்ற பிறகுதான் தன் பங்கைக் கழிக்கும். படம் அனுப்பினால் விலை மதிப்பைச் சும்மாவே சொல்கிற நிறுவனங்கள் நிறைய உண்டு. ‘பதிவுக் கட்டணம்’ என்று முதலில் காசு கேட்பவர், “அடுத்த கிழமை லண்டன் போகிறேன், கையோடு கொண்டுபோகிறேன்” என்பவர், இரண்டு பேரும் ஒரே ஆள்தான்.

இந்தத் தரகர்கள் ஏன் இப்படிப் பெருகுகிறார்கள்? கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் இடம் இல்லை, அதனால்தான். எங்கள் ஊர்க் கழகங்களின் பழைய இறுதியாட்ட விவரம் கேட்டு ஒரு விளையாட்டு அலுவலகத்துக்கு நான் மூன்று தடவை போனேன். முதல் தடவை கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டாம் தடவை அந்தக் கடிதத்தைத் தொலைத்திருந்தார்கள். மூன்றாம் தடவை அலுமாரியைத் திறந்து காட்டினார்கள்: பதிவேடு இருந்த இடத்தில் கறையான் மண். நாவாந்துறையில் யார் எந்த ஆண்டு வென்றார் என்பதை ஒரு கிழவரின் ஞாபகத்தில் தேட வேண்டியிருக்கிறது. இங்கிலாந்துக்காரர் 1894 இன் கோல் கணக்கையே வைத்திருக்கிறார்கள். அவர்களும் சுத்தமில்லை, அது வேறு கதை. அமெச்சூர் என்று சொல்லிக்கொண்டு சப்பாத்துக்குள் காசு வைத்துக் கொடுத்ததும் அதே கிண்ணத்தில்தான். 1974 இல் அமெச்சூர் என்ற பிரிவையே சங்கம் எடுத்துவிட்டது. கிண்ணமும் அதோடு முடிந்தது.

சரி, இன்னொரு தூண்டிலும் வரும்: “மான்செஸ்டர் யுனைடெட் தொடர்பு”. அது முழுப் பொய்யல்ல. 1958 மியூனிக் விமான விபத்தில் வீரர்களை இழந்த யுனைடெட்டுக்கு, பிஷப் ஓக்லண்டிலிருந்து ஹார்டிஸ்ரி, லூவின், பிராட்லி மூவரும் கைகொடுக்கப் போனார்கள். அந்தக் கதைக்காக உங்கள் பெயரில்லாப் பதக்கத்துக்கு யாரும் லட்சம் தரமாட்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பதக்கத்தை ஒரு வெள்ளைத் துணியில் வைத்து, பக்கத்தில் அடிமட்டம் வைத்து, முன்பக்கம், பின்பக்கம், ஓரம் என மூன்று படம் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். கிராமில் எடை பாருங்கள். படங்களை லண்டனில் இருக்கும் உங்கள் சொந்தக்காரர் மூலம் இரண்டு ஏல நிறுவனங்களுக்கு அனுப்புங்கள். பெரியப்பாவின் பழைய கடிதங்களும் கல்லூரிக் குழுப் படங்களும் பெட்டியில் இருந்தால் அவற்றை எறிந்துவிடாதீர்கள். பெயரில்லாப் பதக்கம் யாருடையது என்பதை அவைதான் காட்டும். தரகர் திரும்பி வந்தால், 1942 இல் யார் வென்றது என்று கேட்டுப் பாருங்கள்.