ஃப்ரீஸரில் பாதிச் சமையல்: வாசகர் கேள்வி-பதில்

வாரத்துக்கு வேண்டியதை ஒரே நாளில் சமைத்து ஃப்ரீஸரில் வைப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டில் நான்கு பேர். சாம்பார், குருமா, பொரியல் எல்லாவற்றையும் ஞாயிறே செய்து ஃப்ரீஸரில் வைத்துவிடலாமா? (வாசகி, திருச்சி)

முழுச் சாம்பாராக வைக்காதீர்கள். உறைந்து உருகிய சாம்பாரில் காய் குழைந்துவிடும், தாளிப்பு வாசம் போய்விடும். நேரம் பிடிக்கும் வேலையை மட்டும் ஞாயிறு முடித்து, அதை உறையவையுங்கள். புளி, காய், தாளிப்பு அன்றன்றைக்குச் சேரட்டும். அதற்கு இருபது நிமிடம் போதும்.

பருப்பு: அரை கிலோ துவரம்பருப்பை ஒன்றரை லிட்டர் தண்ணீர், மஞ்சள்தூள் சேர்த்து 5 லிட்டர் குக்கரில் குழைய வேகவையுங்கள். பருப்பு பொங்கும் என்பதால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. உப்பு இப்போது வேண்டாம். ஐந்து பங்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் சுமார் 400 கிராம் வரும். நான்கு பேருக்கு ஒருவேளைச் சாம்பாருக்கு அது சரியாக இருக்கும்.

வெங்காயம்-தக்காளி மசாலா: இதற்குத்தான் ஃப்ரீஸர் மிகவும் உதவும். ஒரு கிலோ வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, 150 மில்லி எண்ணெயில் பொன்னிறமாக வதக்குங்கள். இஞ்சியும் பூண்டும் தலா 50 கிராம் அரைத்துப் போட்டு, பச்சை வாசனை போனதும் ஒரு கிலோ தக்காளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், உப்பு. எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை சுண்டவிட வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் மிச்சமிருக்கும் தண்ணீர் பனியாக உறையும், சூடாக்கும்போது மசாலா நீர்த்துப்போகும். சுமார் ஒரு கிலோ கிடைக்கும். 200 கிராம் ஒரு பொட்டலம். அரை கிலோ கோழிக்கோ கால் கிலோ கொண்டைக்கடலைக்கோ ஒரு பொட்டலம் போதும்.

கொண்டைக்கடலை, ராஜ்மா இரண்டையும் ஊறவைத்து வேகவைத்து, வெந்த தண்ணீரோடு சேர்த்தே உறையவைக்கலாம். பொரியலைச் செய்து வைக்காதீர்கள், காயைத் தயார் செய்து வையுங்கள். நறுக்கிய பீன்ஸைக் கொதிக்கும் நீரில் 3 நிமிடமும் கேரட்டை 2 நிமிடமும் போட்டு எடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் கொட்டி, துணியில் ஈரம் போக உலர்த்துங்கள். பச்சையாக உறையவைத்தால் காயில் இருக்கும் நொதிகள் குளிரிலும் மெதுவாக வேலை செய்து நிறத்தையும் ருசியையும் கெடுக்கும். அந்த 3 நிமிடக் கொதி நொதிகளை முடக்கிவிடும்.

உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, தயிர் சேர்த்த குழம்பு, சுரைக்காய், பூசணி இவை ஃப்ரீஸருக்கு ஆகாதவை. உருளை மணல் மணலாகும், முட்டையின் வெள்ளைக்கரு ரப்பர் போலாகும், மோர்க்குழம்பு திரிந்துபோகும்.

கேள்வி: தேங்காய் அரைத்த குருமாவை உறையவைத்துச் சூடாக்கினால் தண்ணீர் தனியாக, தேங்காய் தனியாக நிற்கிறது. கெட்டுவிட்டதா? (வாசகி, கோவை)

கெடவில்லை. தேங்காய்ப்பாலில் கொழுப்பு சிறு துளிகளாகத் தண்ணீரோடு கலந்திருக்கும். உறையும்போது உண்டாகும் பனிப்படிகங்கள் அந்தக் கலவையை உடைத்துவிடுகின்றன. ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலையை அரைத்துக் கலந்து, கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டால் ஓரளவு சேரும். அடுத்த முறை தேங்காய் சேர்க்காமல் உறையவையுங்கள். துருவலைத் தனிக் கவரில் தட்டையாக வைத்தால் மூன்று மாதம் நன்றாக இருக்கும். வேண்டிய அளவு உடைத்து, அன்றைக்கு அரைத்து ஊற்றலாம்.

கேள்வி: சூடாக எதையும் ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்று மாமியார் சொல்கிறார். இரவு முழுக்க மேடையிலேயே ஆறவிட்டு, காலையில் ஃப்ரீஸரில் வைக்கிறேன். சரிதானே? (வாசகி, மதுரை)

கொதிக்கும் பாத்திரத்தை அப்படியே உள்ளே வைத்தால் பக்கத்தில் இருப்பவையும் சூடாகும். அந்த அளவில் அத்தை சொல்வது சரி. ஆனால் இரவு முழுக்க வெளியே விடுவது ஆபத்து, தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவு வெளியே இருக்கலாம் என்றால் அது இரண்டு மணி நேரம்தான். அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரம். மதுரையில் சித்திரை, வைகாசி முழுக்க அந்தக் கணக்குத்தான்.

அகலமான பாத்திரத்தில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். சிங்க்கை அடைத்து, தண்ணீரும் ஐஸும் நிரப்பி, பாத்திரத்தை அதில் இறக்கி அவ்வப்போது கிளறுங்கள். அரை மணியில் கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே வந்துவிடும். பிறகு பொட்டலம் கட்டி, ஃப்ரீஸரில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வையுங்கள். உறைந்த பிறகு அடுக்கிக்கொள்ளலாம்.

சோற்றுக்கு இன்னும் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைமூலங்கள் சோறு வெந்த பிறகும் உயிரோடிருக்கும். வெதுவெதுப்பில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. தாம்பாளத்தில் மெல்லிசாகப் பரப்பி, ஒரு மணிக்குள் ஆற்றி உறையவையுங்கள். எடுக்கும்போது ஒரு கப் சோற்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து ஆவியில் சூடாக்கினால் உதிரியாக வரும்.

கேள்வி: எங்களுடையது ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜ். அதில் எத்தனை நாள் வைக்கலாம்? (வாசகர், கும்பகோணம்)

மைனஸ் 18 டிகிரியில் இருந்தால் சமைத்த உணவு இரண்டு, மூன்று மாதம் ருசி குறையாமல் இருக்கும். ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டி எல்லாமே அந்தக் குளிருக்குப் போவதில்லை. சில மாடல்களில் பெட்டியின் கதவில் நட்சத்திரக் குறி இருக்கும். ஒன்று என்றால் மைனஸ் 6, இரண்டு மைனஸ் 12, மூன்று மைனஸ் 18. மின்சாரச் சிக்கனத்துக்கு ஒட்டும் நட்சத்திரம் வேறு, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். குறி இல்லையென்றால் ஃப்ரீஸர் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, பொட்டலங்களுக்கு நடுவில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். மைனஸ் 18 வராவிட்டால் ஒரு வாரத்துக்கு மட்டும் சமைத்து வைப்பது நல்லது. சுவரில் பனி அரை சென்டிமீட்டருக்கு மேல் கட்டினால் உருக்கிவிடுங்கள். கத்தியால் சுரண்டினால் உள்ளே ஓடும் குழாய் ஓட்டையாகும்.

கேள்வி: கண்ணாடி பாட்டிலில் ரசத்துக்கான பருப்புத் தண்ணீரை வைத்தேன், வெடித்துவிட்டது. ஏன்? (வாசகி, நாகர்கோவில்)

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். கழுத்து குறுகிய பாட்டிலில் விரிய இடமில்லை. வாயகன்ற டப்பாவில் மேலே இரண்டு சென்டிமீட்டர் விட்டு ஊற்றுங்கள். கெட்டியானவற்றுக்கு ஜிப் கவரே மேல். காற்றை அழுத்தி வெளியேற்றி, 2 சென்டிமீட்டர் தடிமனில் தட்டையாக்கி உறையவைத்தால் இடமும் குறையும், சீக்கிரம் உருகும். காற்று உள்ளே இருந்தால் உணவின் மேற்பரப்பு ஈரமிழந்து வெளிறிப்போகும். கவர் மீது பெயரும் தேதியும் எழுதுங்கள், உறைந்த பிறகு துவரம்பருப்பா பாசிப்பருப்பா என்று அடையாளம் தெரியாது.

கேள்வி: இட்லி மாவை உறையவைக்கலாமா? (வாசகர், சேலம்)

வைக்கலாம், ஆனால் இட்லி அழுத்தமாக வரும், தோசைக்குப் பரவாயில்லை. மாவைவிட இட்லியாகவே அவித்து, ஆறியதும் தட்டில் தனித்தனியாக உறையவைத்துக் கவரில் போடுங்கள். உருக்காமல் நேரே ஆவியில் 8 முதல் 10 நிமிடம். சப்பாத்தியை இரண்டு பக்கமும் அரைவேக்காடாக எடுத்து, நடுவில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்குங்கள்.

கேள்வி: நாள் முழுக்க மின்வெட்டு வந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டுமா? (வாசகி, கடலூர்)

கதவைத் திறக்காமல் இருந்தால் நிறைந்த தனி ஃப்ரீஸர் 48 மணி நேரமும் பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும். ஃப்ரிட்ஜின் சிறு மேல்பெட்டி அவ்வளவு தாங்காது. ஒரு டம்ளரில் தண்ணீர் உறையவைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசை வையுங்கள். மின்சாரம் வந்த பின் காசு மேலேயே இருந்தால் பயமில்லை, அடியில் இருந்தால் உணவும் உருகி உறைந்திருக்கிறது என்று பொருள், கொட்டிவிடுங்கள். திறந்து பார்க்கும்போது பொட்டலத்துக்குள் பனிப்படிகம் தெரிந்தால் மறுபடி உறையவைக்கலாம், ருசி சற்றுக் குறையும்.

கேள்வி: உருக்கிய கோழி மீந்துவிட்டால் திரும்ப ஃப்ரீஸரில் வைக்கலாமா? (வாசகர், ஈரோடு)

ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இரவு முழுக்க உருக்கியது என்றால், அதைச் சமைத்துக் குழம்பாக்கி உறையவைப்பது நல்லது. வெளியே மேடையில் உருக்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தது என்றால் வேண்டாம். உறைந்த குழம்பை எடுக்கும்போது ஓரம் மட்டும் கொதித்தால் போதாது, நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும். மைக்ரோவேவில் வைத்தால் பாதியில் நிறுத்தி ஒருமுறை கிளறிவிடுங்கள்.