இலங்கையின் கிழக்குக் கரையில் ஒரு வாரம்: எதைப் பார்க்கலாம், என்ன சாப்பிடலாம்?

"ஆகஸ்டில் ஒரு வாரம் இலங்கை போகிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், சைவம் மட்டும் சாப்பிடும் அம்மா. கடற்கரையோரமே தங்க ஆசை. எங்கே போகலாம், என்ன செய்யலாம், என்ன சாப்பிடலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகஸ்ட் என்று சொன்னதுமே பாதிப் பதில் முடிந்துவிட்டது. கிழக்குக் கரைக்குப் போங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பது காலி, உனவட்டுன, மிரிஸ்ஸ என்று தெற்குக் கரைதான். நல்ல இடங்கள்தான், ஆனால் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கடலைக் கலக்கிக்கொண்டே இருக்கும். அதே மாதங்களில் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நிலைமை தலைகீழ். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் தடவை டிசம்பர் லீவில் திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளியில் அறை போட்டேன். நான்கு நாளும் மழை, ஒரு படகும் கடலில் இறங்கவில்லை. அறையில் உட்கார்ந்து கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். அப்புறம் இரண்டு முறை ஜூலையில் போனேன். கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டு பயணங்களை வைத்துத்தான்.

ஒரு வாரத்துக்குத் திருகோணமலையில் நான்கு இரவு, மட்டக்களப்பில் இரண்டு இரவு போதும். கொழும்பிலிருந்து இரண்டு ஊருக்கும் ரயில் உண்டு. மட்டக்களப்பு ரயிலுக்கு உதயதேவி என்று பெயர்.

நிலாவெளியிலோ உப்புவெளியிலோ தங்கினால் முதல் நாள் காலை வேறு எங்கும் கிளம்பாதீர்கள். விடியும் நேரத்தில் சும்மா கரையில் நடந்து பாருங்கள், கரைவலை இழுப்பார்கள். படகில் போய் வலையை அரைவட்டமாக விரித்துவிட்டு வந்து, இரண்டு முனைக் கயிற்றையும் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பது. ஆரம்பத்தில் இரண்டு கூட்டமும் வெகு தூரத்தில் நிற்கும். வலை கரையை நெருங்க நெருங்க அவர்களும் ஒருவரை நோக்கி ஒருவர் நகர்ந்து வருவார்கள். சில இடங்களில் இப்போது டிராக்டர் வைத்து இழுக்கிறார்கள், அதில் பார்க்க ஒன்றுமில்லை. ஆள் இழுக்கும் வலையாகத் தேடிப் போங்கள். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு இன்னும் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். நாங்கள் நின்ற இடத்தில் பாட்டு இல்லை, வசவுதான் இருந்தது. என் மகன் தானாகப் போய்க் கயிற்றைப் பிடித்தான். "தம்பி, கயிற்றுக்குள்ள கால வைக்காத" என்று ஒரு அண்ணன் கத்திவிட்டு, பிறகு அவனைத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டார். முக்கால் மணி நேரம் இழுத்தோம். கீரி, சூடை, நெத்தலி என்று சின்ன மீன்கள் ஒரு குவியல், நடுவில் இரண்டு பாரை மீன். கூலியாக ஒரு கைப்பிடி நெத்தலி கிடைத்தது. தங்கிய வீட்டு அம்மா அதைப் பொரித்துக் கொடுத்தார். மூன்று பயணத்திலும் சாப்பிட்டதில் இதுதான் முதலிடம், இதற்கு எந்தக் கடையும் பொறுப்பில்லை.

அங்கே தமிழ் தெரிவது பெரிய வசதி. மெனுவில் இல்லாத சாப்பாடும், நாளைக்குக் கடல் எப்படி இருக்கும் என்ற தகவலும் பேச்சில்தான் கிடைக்கும். "கச்சான் வீசுது, விடியக் கடல் அடங்கி இருக்கும்" என்று ஒருவர் சொன்னபோது நான் விழித்தேன். எனக்கு அங்கே பழகிய கச்சான், பொட்டலத்தில் விற்கும் வேர்க்கடலை. அதே சொல், தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் சூடான தென்மேற்குக் காற்றுக்கும் பெயர். ஜூன், ஜூலையில் பிடுங்கி எடுக்கும், முகத்தில் அனல் அடிக்கும். ஆனால் கரையோரக் கடலை அடக்கி வைப்பதும் அதுதான்.

புறாத்தீவு அவசியம். நிலாவெளியிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான், படகில் கொஞ்ச நேரம். 2003-இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. நுழைவுச் சீட்டு ஒரு கணக்கு, படகு வாடகை இன்னொரு கணக்கு. வெளிநாட்டவருக்குச் சீட்டு விலை கூடுதல். எவ்வளவு நல்ல தமிழ் பேசினாலும் அங்கே பாஸ்போர்ட்தான் பேசும். முதல் படகிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் கூட்டம். கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் முகத்தை வைத்தாலே பவளப்பாறையும் கிளிமீனும் தெரியும். பொறுமையாக மிதந்தால் செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் வரும். அவற்றை நாம் சீண்டாதவரை அவையும் நம்மைச் சீண்டுவதில்லை. தீவில் கடை கிடையாது, தண்ணீர் எடுத்துப் போங்கள். கரையில் கிடப்பது மணல் இல்லை, பெரும்பாலும் உடைந்த பவளத் துண்டுகள், வெறுங்காலில் நடக்க முடியாது. உயிருள்ள பவளத்தின் மேல் தயவுசெய்து நிற்காதீர்கள். நிறையப் பேர் நிற்கிறார்கள், பார்க்க எரிச்சலாக வரும்.

யாரும் எனக்குச் சொல்லாத இரண்டு விஷயங்கள். மீசை இருந்தால் கண்ணாடிக்குள் தண்ணீர் புகும். மீசை மேல் கொஞ்சம் வாசலைன் தடவினால் சரியாகிவிடும். இரண்டாவது, முகம் கீழே இருக்கும்போது முதுகு மேலே இருக்கிறது. முழுக்கை டீஷர்ட் போடாமல் ஒன்றரை மணி நேரம் மிதந்த நான், மூன்று இரவு குப்புறப் படுத்துத் தூங்கினேன்.

மே முதல் ஆகஸ்ட் வரை திமிங்கிலம் பார்க்கவும் படகு போகும். திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலிலேயே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு இருப்பதால், நீலத் திமிங்கிலம் கரைக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். எங்களுக்கு டால்பின் மட்டும்தான் கிடைத்தது. பிள்ளைகளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அம்மாவுக்காகவும் உங்களுக்காகவும் கோணேசர் கோயில். மாலை நாலரைக்குக் கிளம்புங்கள். மதியம் போனால் பாறை காலைச் சுடும். பிரெட்ரிக் கோட்டை வழியாகத்தான் ஏற வேண்டும், உள்ளே புள்ளிமான்கள் ஆட்டுக்குட்டி மாதிரி ஆளோடு ஆளாகத் திரியும். சம்பந்தர் பாடிய கோயிலை 1622-இல் போர்த்துக்கீசியர் இடித்தார்கள், அந்தக் கல்லையே கோட்டை கட்டவும் எடுத்தார்கள். இப்போது நாம் பார்ப்பது பின்னால் எழுந்தது. இடிந்து கடலில் விழுந்த கோயிலின் மிச்சங்களை 1956-இல் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் நீருக்கடியில் கண்டார்கள். இராவணன் வெட்டு என்று காட்டும் பிளவுக்குப் பக்கத்தில் ஒரு மரம், கிளை முழுக்கப் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய தொட்டில்கள். அங்கிருந்து கீழே கடலைப் பார்த்தால் கொஞ்ச நேரம் பேச்சு வராது. என் அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார், பூசை மணி அடித்த பிறகுதான் எழுந்தார்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அரை மணி நேரம் போதும். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு வேறு. வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வதுதான் வேலை.

மட்டக்களப்புக்கு மூதூர், வெருகல், வாகரை வழியாகக் கரையோரப் பாதையிலேயே போங்கள். முன்பெல்லாம் இடையிடையே மிதவைப் படகில் ஏறி இறங்க வேண்டியிருந்த வழி, இப்போது எல்லாம் பாலம். வழியில் பாசிக்குடாவில் பிள்ளைகளை இறக்கிவிடுங்கள். வெகு தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது, நீச்சல் தெரியாத குடும்பத்துக்கு அதைவிட நல்ல கடல் இல்லை.

மட்டக்களப்பில் கடலைவிட வாவிதான், அதாவது உப்பங்கழிதான், அழகு. கல்லடிப் பழைய பாலத்தில் பௌர்ணமி இரவு நின்றால் மீன் பாடும் என்பார்கள், மீன்பாடும் தேனாடு என்று பெயரே அதனால்தான். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியில் காதை வைத்துக் கேட்க வேண்டும். பாடுவது மீனா, ஊரிச் சிப்பியா என்று உள்ளூரிலேயே வழக்கு தீரவில்லை. எனக்குப் பக்கத்துப் பாலத்து லாரிச் சத்தம்தான் கேட்டது. இந்தக் கல்லடி, நாவலடிப் பக்கம் 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஏராளமானவர்கள் போனார்கள். பேச்சு அங்கே போனால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

அறுகம்பே அலைச்சறுக்குப் பழகியவர்களின் ஊர். உங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்த ஆசை இல்லையென்றால் இந்தத் தடவை விட்டுவிடலாம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நம்மூர் சுறாப் புட்டு அங்கே சுறா வறை. கணவாய்க் கறியை வறுத்து அரைத்த தூள் போட்டுக் கறுப்பாக வைப்பார்கள், பிட்டோடு சாப்பிட வேண்டும். வாவி நண்டுக் கறியை வெள்ளைச் சட்டையோடு தொடாதீர்கள். கொத்து ரொட்டி இந்தப் பக்கத்தில்தான் பிறந்தது என்று சொல்லிக்கொள்கிறார்கள், சாப்பிட்டவன் மறுக்க மாட்டான். வட்டிலாப்பம், அதாவது முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் இனிப்பு, முஸ்லிம் கடைகளில் கேளுங்கள். வெயிலுக்குச் செவ்விளநீர். எல்லாவற்றையும்விட எனக்கு மறக்காதது மட்டக்களப்புக் காலைச் சாப்பாடு: பிட்டு, மண்சட்டியில் உறைய வைத்த எருமைத் தயிர், வாழைப்பழம், கொஞ்சம் சீனி. பிசைந்து சாப்பிட்டால் மதியம் வரை பசி எட்டிப் பார்க்காது. முதல் கவளத்தில் முகம் சுளித்த என் மகள் இப்போது வீட்டில் இதைத்தான் கேட்கிறாள், எருமைத் தயிருக்கு நான் எங்கே போக?

அம்மாவுக்கு ஒரு முன்னெச்சரிக்கை. "மரக்கறி" என்று பலகையில் பார்த்து ஓடிவிட வேண்டாம், அது காய்கறிதான். ஆனால் பார்ப்பதற்குச் சைவமாகத் தெரியும் சம்பலில் மாசி, அதாவது காய்ந்த மீன் தூள், கலந்திருக்கும். பருப்பிலும் சில வீடுகளில் போடுவார்கள். கோயில் தெருப் பக்கத்துச் சைவக் கடையாகப் பாருங்கள். வேறு கடையென்றால் உட்காரும் முன்பே "மாசி போடாத சம்பல் இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். என் அம்மா இரண்டு நாள் ரசித்துச் சாப்பிட்ட பிறகுதான் நான் கேட்டேன், இன்று வரை அவரிடம் சொல்லவில்லை.