கேட்டலாக்கில் கேள்விக்குறி, ஆல்பத்தில் வெளுத்த மாலை

கேள்வி: தக்கலையில் சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கிறேன் சார். கல்யாணப் படங்களை, கேமரா பதித்தது பதித்தபடியே இருக்கும் ரா (RAW) ஃபைலாக எடுத்து, லைட்ரூம் கிளாசிக்கில் சரிசெய்து, அங்கிருந்து போட்டோஷாப்புக்குக் கொண்டுபோய் ஆல்பம் டிசைன் செய்கிறேன். ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டதால் பழைய ஃபோல்டர்களைப் புது எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாற்றினேன். இப்போது லைட்ரூமில் எல்லா ஃபோல்டரிலும் கேள்விக்குறி. சிலவற்றை ரிமூவ் செய்து மறுபடி இம்போர்ட் செய்து பார்த்தேன். படம் வந்தது, செய்த எடிட் எதுவும் இல்லை. அடுத்த பிரச்சினை, என் கம்ப்யூட்டரில் பளிச்சென்று இருக்கிற படம் ஆல்பம் அச்சிடும் லேபிலிருந்து வெளுத்துப்போய் வருகிறது. வாட்ஸப்பில் அனுப்பினாலும் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டார் ஐஃபோனில் எடுத்துத் தந்த சில படங்கள் திறக்கவே மாட்டேன் என்கின்றன. என்ன செய்யட்டும்?

பதில்: கேள்விக்குறி இருக்கிற எந்த ஃபோல்டரையும் இனி ரிமூவ் செய்யாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். ரிமூவ் செய்தேன் என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் எனக்கு மனசு பதறிவிட்டது. உங்கள் படங்கள் எங்கேயும் போகவில்லை. போனது எடிட் மட்டும்தான், அதையும் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

லைட்ரூமில் இம்போர்ட் கொடுக்கும்போது படம் லைட்ரூமுக்குள் போய் உட்காருவதில்லை. படம் டிஸ்க்கில் அதன் ஃபோல்டரிலேயே இருக்கும். அது எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில், என்ன பெயரில் இருக்கிறது என்பதையும், அதில் நீங்கள் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் கேட்டலாக் என்ற ஒரே ஃபைல் எழுதி வைத்துக்கொள்ளும். நூலகத்தில் புத்தகம் அலமாரியில் இருக்கும், எந்த அலமாரி என்பது பதிவேட்டில் இருக்கும், அதே ஏற்பாடுதான். நீங்கள் விண்டோஸ் வழியாக ஃபோல்டரை இடம் மாற்றியது பதிவேட்டுக்குத் தெரியாது. அதனால்தான் கேள்விக்குறி. பதிவேட்டில் இருந்த அந்த வரியை நீங்களே ரிமூவ் செய்தபோது, அதோடு எழுதியிருந்த எடிட்டும் சேர்ந்து அழிந்துவிட்டது.

இன்னும் ரிமூவ் செய்யாத ஃபோல்டர்களுக்கு வேலை சுலபம். லைட்ரூமின் இடப்பக்கம் ஃபோல்டர்ஸ் பகுதியில் கேள்விக்குறி உள்ள பெயரில் ரைட் கிளிக் செய்து, ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர் கொடுத்து, புது டிஸ்க்கில் அது இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். மேல்நிலை ஃபோல்டர் ஒன்றைக் காட்டினால் உள்ளே இருப்பவையும் சேர்ந்து சரியாகிவிடும். இனிமேல் ஃபோல்டர் மாற்ற வேண்டியிருந்தால் லைட்ரூமுக்குள்ளேயே, அதே பகுதியில் இழுத்துப் போடுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இன்னொரு தொல்லையும் உண்டு. இன்றைக்கு இ டிரைவாக வந்தது நாளைக்கு எஃப் டிரைவாக வரலாம். உடனே எல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்டில் அந்த டிஸ்க்குக்கு என்று கடைசிப் பக்கத்து எழுத்து ஒன்றை, எக்ஸ் என்றோ இசட் என்றோ, நிலையாகக் கொடுத்துவிடுங்கள்.

ரிமூவ் செய்துவிட்ட ஃபோல்டர்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். லைட்ரூமை மூடும்போது பேக்கப் எடுக்கட்டுமா என்று அவ்வப்போது கேட்டிருக்கும். நீங்கள் சம்மதித்திருந்தால் கேட்டலாக் இருக்கும் இடத்திலேயே பேக்கப்ஸ் என்ற ஃபோல்டரில் தேதி வாரியாக ஜிப் ஃபைல்கள் இருக்கும். ரிமூவ் செய்த நாளுக்கு முந்தைய ஜிப்பை வேறு இடத்தில் பிரித்து, அந்தக் கேட்டலாக்கைத் திறங்கள். அதிலும் கேள்விக்குறி தெரியும். மேலே சொன்னபடி ஃபோல்டரைக் காட்டுங்கள். எடிட் எல்லாம் அப்படியே நிற்கும். அந்த ஃபோல்டர்களைத் தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட் ஏஸ் கேட்டலாக் கொடுங்கள். அங்கே நெகட்டிவ் ஃபைல்களையும் சேர்க்கட்டுமா என்ற டிக்கை எடுத்துவிடுங்கள், படங்களை இரண்டாம் முறை காப்பி செய்யத் தேவையில்லை. பிறகு உங்கள் இப்போதைய கேட்டலாக்கைத் திறந்து, இம்போர்ட் ஃப்ரம் அனதர் கேட்டலாக் வழியாக அதை உள்ளே கொண்டுவாருங்கள். ஏற்கெனவே உள்ள படங்களுக்கு என்ன செய்யட்டும் என்று கேட்கும்போது, மெட்டாடேட்டாவையும் (படத்தைப் பற்றிய விவரங்கள்) டெவலப் செட்டிங்ஸையும் (நீங்கள் செய்த எடிட்) மட்டும் மாற்று என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைத் தொடங்கும் முன் இப்போதைய கேட்டலாக்கையும் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த பேக்கப்பை நம்பிப் பலர் ஏமாந்துபோகிறார்கள். அது கேட்டலாக்கை மட்டும்தான் காப்பாற்றும். ஒரு படம்கூட அதில் இல்லை. படங்களுக்குத் தனியாக இரண்டாவது டிஸ்க் கட்டாயம் வேண்டும். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறி வந்து, கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. மெமரி கார்டிலிருந்து காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பாதியில் நின்ற ஃபைல்கள் பெயரளவில் இருக்கும், திறந்தால் சாம்பல் பட்டையாக வரும். யூபிஎஸ் இல்லாமல் கார்டு இறக்காதீர்கள். இம்போர்ட் பெட்டியில் வலப்பக்கம் செகண்ட் காப்பி எடுக்கச் சொல்லும் வசதி இருக்கிறது. அதில் இரண்டாவது டிஸ்க்கைக் காட்டிவிட்டால் ஒரே நேரத்தில் இரு இடத்திலும் படம் இறங்கும். இரண்டு இடத்திலும் சில படங்களைத் திறந்து பார்த்த பிறகே கார்டை ஃபார்மேட் செய்யுங்கள், அதுவும் கேமராவில் வைத்து.

சரி, நிறத்துக்கு வருவோம்.

நீங்கள் அனுப்பிய மணப்பெண் படத்தின் ஜேபெக்கைத் திறந்து பார்த்தேன். அதில் ஒட்டியிருப்பது ப்ரோஃபோட்டோ ஆர்ஜிபி ப்ரொஃபைல். ப்ரொஃபைல் என்பது படத்தின் எண்களை எந்த நிறமாகப் படிக்க வேண்டும் என்று சொல்லும் குறிப்பு. உங்கள் ஸ்கிரீன்ஷாட்டில், போட்டோஷாப்புக்குப் படம் எப்படிப் போக வேண்டும் என்று சொல்லும் லைட்ரூமின் எக்ஸ்டர்னல் எடிட்டிங் பகுதியிலும் அதுவே இருக்கிறது. வெளுப்பு அங்கிருந்துதான் வருகிறது. லேப்காரரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

ஒரு பிக்சலின் நிறம் என்பது மூன்று எண்கள். சிவப்பு 200, பச்சை 60, நீலம் 40 என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்களுக்கு என்ன நிறம் என்பதைக் கலர் ஸ்பேஸ்தான் தீர்மானிக்கிறது. எஸ்ஆர்ஜிபி என்பது 1996-ல் எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து கொண்டுவந்தது. சாதாரணத் திரைகள் காட்டக்கூடிய அளவுக்கு அமைந்த சிறிய வட்டம். அடோபி ஆர்ஜிபி 1998-ல் வந்தது, அதைவிட அகலம். கோடக் உருவாக்கிய ப்ரோஃபோட்டோ இன்னும் மிக அகலம். மனிதக் கண்ணுக்கே தெரியாத நிறங்களுக்குக்கூட அதில் எண் உண்டு. அதே 200, 60, 40 ப்ரோஃபோட்டோவில் எரிகிற சிவப்பு, எஸ்ஆர்ஜிபியில் அடக்கமான செங்கல் நிறம். போட்டோஷாப் ப்ரொஃபைலைப் படித்து எண்களைச் சரியாகப் புரிந்துகொள்வதால் உங்கள் திரையில் படம் பளிச்சென்று தெரிகிறது. ப்ரொஃபைலைக் கண்டுகொள்ளாத பிரிண்டிங் சாஃப்ட்வேரும் செயலிகளும் எல்லாவற்றையும் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்கின்றன. பட்டுச்சேலை மங்கி, முகம் சோகை பிடித்தாற்போல் வருவது அதனால்தான்.

கையில் இருக்கும் ஃபைலைச் சரிசெய்ய, போட்டோஷாப்பில் எடிட் மெனுவில் கன்வெர்ட் டூ ப்ரொஃபைல் கொடுத்து எஸ்ஆர்ஜிபியைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேலேயே அசைன் ப்ரொஃபைல் என்று ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். கன்வெர்ட் செய்தால் எண்கள் மாறும், பார்வைக்கு நிறம் நிற்கும். அசைன் செய்தால் எண்கள் நிற்கும், நிறம் மாறிவிடும். சேவ் செய்யும்போது ஐசிசி ப்ரொஃபைல் என்ற டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனிவரும் வேலைகளுக்கு என் கருத்து இது: எக்ஸ்டர்னல் எடிட்டிங்கில் எஸ்ஆர்ஜிபி, 16 பிட் என்று மாற்றிவிடுங்கள். அகன்ற கலர் ஸ்பேஸில் வேலை செய்வது தவறில்லை. அதற்கேற்ற திரையும் பிரிண்டரும் வைத்திருப்பவருக்கு அது பலன் தரும். உங்கள் படங்கள் போகும் இடமெல்லாம், லேப், வாட்ஸப், இன்ஸ்டாகிராம், எதுவானாலும் எஸ்ஆர்ஜிபிதான் வேண்டும். பாதி வழியில் மறந்துபோகிற ஆபத்தை எதற்குச் சுமக்க வேண்டும்? 16 பிட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். முட்டத்திலோ கன்னியாகுமரியிலோ விடியற்காலையில் அவுட்டோர் எடுத்தால் வானம் மெல்ல மெல்ல நிறம் மாறும். 14 பிட் ராவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள் இருக்கின்றன, 8 பிட் ஜேபெக்கில் 256. ஜேபெக்காக்கிய பிறகு அந்த வானத்தை இருட்டாக்கிப் பார்த்தால் பட்டை பட்டையாக உடைந்துவிடும். சர்ச் கல்யாணத்தில் மணப்பெண்ணின் வெள்ளை உடையில் உள்ள மடிப்பும் லேஸ் வேலைப்பாடும் காணாமல் போவதும் சில சமயம் இப்படித்தான். திருத்தமெல்லாம் முடிந்த பிறகே ஜேபெக்.

எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றும்போது ஒரு இழப்பு உண்டு, அதைக் கவனித்துச் செய்ய வேண்டும். உங்கள் படத்தில் மணப்பெண் கழுத்தில் கிடப்பது தோவாளை மாலை, சிவப்பு அரளி நெருக்கமாகக் கட்டியது. படத்தை நூறு சதவீதம் பெரிதாக்கி மாலையை மட்டும் பாருங்கள். ப்ரோஃபோட்டோவில் ஒவ்வொரு இதழுக்கும் விளிம்பு தெரிகிறது. கன்வெர்ட் செய்ததும் நடுவில் உள்ள இதழ்கள் ஒட்டிக்கொண்டு ஒரே சிவப்புத் துண்டாகின்றன. அங்கே சிவப்பின் எண் 255-ல் முட்டி நின்றுவிட்டது, அதற்கு மேல் போக இடமில்லை. இதற்கு மருந்து லைட்ரூமிலேயே இருக்கிறது. டெவலப் பகுதியில் எஸ் விசையைத் தட்டினால் சாஃப்ட் ப்ரூஃப், அதாவது வேறு கலர் ஸ்பேஸில் படம் எப்படித் தெரியும் என்ற முன்னோட்டம் வரும். ப்ரொஃபைலில் எஸ்ஆர்ஜிபியைத் தேர்ந்தெடுங்கள். எந்த இடம் எல்லை தாண்டுகிறது என்பதைக் குறியிட்டுக் காட்டும். கலர் மிக்சரில் சிவப்பின் சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தி) கொஞ்சம் இறக்கி, லூமினன்ஸையும் (அந்த நிறத்தின் வெளிச்சம்) சற்றுக் குறைத்தால் இதழ்கள் மறுபடி பிரியும். மொத்தப் படத்திலும் சாச்சுரேஷனைக் குறைக்காதீர்கள், முகத்தின் உயிர் போய்விடும். மாலை கட்டியவரின் கைவேலை அந்த இதழ் வரிசையில்தான் இருக்கிறது, அது அச்சிலும் தெரிய வேண்டும்.

அளவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஆல்பத்துக்கு இது முக்கியம். 12க்கு 36 இஞ்ச் ஷீட் என்றால் 300 பிபிஐ, அதாவது இஞ்சுக்கு 300 பிக்சல் கணக்கில் 10,800க்கு 3,600 பிக்சல். 24 மெகாபிக்சல் கேமரா தருவது 6,000க்கு 4,000. ஒரே படத்தை ஷீட் முழுக்க விரித்தால் இஞ்சுக்கு சுமார் 167 பிக்சல்தான் கிடைக்கும். மடியில் வைத்துப் பார்க்கும் ஆல்பத்துக்கு அது போதும். அதிலும் பாதியாக வெட்டிவிட்டு விரித்தால் பிசிறடிக்கும். எக்ஸ்போர்ட் பெட்டியில் 72 என்றோ 300 என்றோ போடுகிற ரெசல்யூஷன் எண்ணால் மட்டும் படம் கூடுவதோ குறைவதோ இல்லை. பிக்சல் எத்தனை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

லேபுக்கு முழு அளவு, ஜேபெக் குவாலிட்டி 90க்கு மேல், எஸ்ஆர்ஜிபி. ஃபைல் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள். முழு ஆல்பத்தையும் கொடுக்கும் முன் மாலை, பட்டு, முகம் மூன்றும் தெரிகிற ஒரு படத்தைச் சிறிய அளவில் அச்சிட்டுப் பாருங்கள். அது வெளுக்காமல், ஆனால் இருட்டாக வந்தால் உங்கள் மானிட்டரின் வெளிச்சம் அதிகம் என்று அர்த்தம். அதைக் குறைத்துவிட்டு மறுபடி திருத்துங்கள்.

வாட்ஸப்புக்குத் தனி எக்ஸ்போர்ட். வளைகுடாவில் இருக்கும் அண்ணனுக்கும் சித்தப்பாவுக்கும் அன்றைக்கே படம் போய்ச் சேர வேண்டும் என்று வீட்டார் அவசரப்படுத்துவார்கள், லேபுக்கு வைத்த ஃபைலையே தூக்கி அனுப்பத் தோன்றும். அது வேண்டாம். நீளமான பக்கம் 2,048 பிக்சல், குவாலிட்டி 80, ஷார்ப்பனிங் ஸ்கிரீனுக்கு என்று ஒரு ப்ரீசெட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதை எச்டி தேர்வில் அனுப்புங்கள். சுருக்கமே கூடாது என்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், ஃபைல் அப்படியே போகும். வாட்ஸப்பில் போய் வந்த படத்தை டவுன்லோடு செய்து ஆல்பத்தில் சேர்க்க மட்டும் கூடாது. வீட்டில் வைத்து எடுத்த படங்களை வெளியில் போடும்போது மெட்டாடேட்டா பகுதியில் லொக்கேஷனை நீக்கும் டிக்கைப் போட்டுவிடுங்கள். ஃபோனில் எடுத்த படங்களில் வீட்டின் இருப்பிடம் துல்லியமாகப் பதிந்திருக்கும்.

லைட்ரூமுக்குக் காசு கட்ட முடியாத தம்பிமார்கள் கிம்ப் என்ற இலவச சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறார்கள். அதில் சேவ் கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் ஃபைல்தான் வரும், ஜேபெக் வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட் கொடுக்க வேண்டும். 2012-ல் வந்த 2.8 பதிப்பிலிருந்தே இப்படித்தான். லேயரோடு உள்ள வேலையை ஜேபெக்காக மூடி, அடுத்த நாள் லேயரைத் தேடித் தவிக்காமல் இருக்க இந்தப் பிரிவு நல்லது.

கடைசியாக ஐஃபோன் படங்கள். 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐஃபோன்கள் எச்இஐசி என்ற வடிவத்தில் படம் சேமிக்கின்றன. விண்டோஸில் அது திறக்க, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து எச்இஐஎஃப், எச்இவிசி என்ற இரண்டு எக்ஸ்டென்ஷன்களும் இருக்க வேண்டும். போட்டோஷாப்பும் இவற்றை நம்பித்தான் அந்தப் படங்களைத் திறக்கிறது. வந்த படங்களுக்கு இதைச் செய்யுங்கள். அடுத்த கல்யாணத்துக்கு முன் அவர்களிடமே சொல்லி, ஃபோனின் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மேட்ஸ் போய் மோஸ்ட் கம்பேட்டிபிள் என்று மாற்றச் சொன்னால் ஜேபெக்காகவே வரும்.